தேசத்தின் மேல் தேவனுடைய நியாயத்தீர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் பதினைந்து இருபது பேர் கூடி வேதம் வாசிக்கிறோம். மெதடிஸ்தர், அங்கிலிக்கர், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். இரண்டு இந்து நண்பர்களும் வருவார்கள். ஏன் என்று கேட்டால் தேநீர் நன்றாக இருக்கிறது என்பார்கள். எந்த அதிகாரத்தை எடுத்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. சுனாமி, குண்டு, எரிபொருள் வரிசை, இவையெல்லாம் இலங்கையின் மேல் வந்த தேவகோபம் என்று மேடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறாரே, அதை என்ன செய்வது? திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இதைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி?

இறையியல் பட்டம் கிடையாது. இருபது வருடங்களுக்கு மேலாகக் கொழும்புக் கூட்டங்களில் வெளிநாட்டு ஊழியர்களின் ஆங்கிலப் பிரசங்கத்தைத் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறேன். மேடையில் போதகருக்கு இடது பக்கம் இன்னொரு ஒலிவாங்கியுடன் நிற்கும் பெண் நான்தான். அவர் கையை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன், குரலை ஏற்றினால் நானும் ஏற்றுவேன். அரை வசனத்தில் நிறுத்தி அவர் தண்ணீர் குடித்தால், மீதி அரை வசனம் எங்கே போகப்போகிறது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

2005இன் தொடக்கம், சுனாமி வந்து சில மாதங்கள். ஒரு விடுதி மண்டபத்தில் கூட்டம். அந்தப் பெரிய அலை விக்கிரகங்கள் நிறைந்த இந்தத் தேசத்தின் மேல் வந்த தீர்ப்பு என்றார் வந்தவர். முதல் தடவை ‘நியாயத்தீர்ப்பு’ என்று மொழிபெயர்த்தேன். அவர் சூடேறி மூன்றாம் தடவை அதையே சொன்னபோது ‘ஆக்கினை’, அதாவது தண்டனை, என்றேன். அவர் சொல்லை மாற்றவில்லை, மாற்றியது நான். ஒலிவாங்கியில் அது நன்றாக விழுந்தது. மண்டபம் ‘ஆமென்’ என்றது. இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா மட்டும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கூட்டம் முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது எனக்காகக் காத்திருந்தார். கல்முனைப் பக்கத்துப் பேச்சு. “பிள்ளை, அது அவர் சொன்னதா, நீர் சொன்னதா?” என்று கேட்டார். அவர் சொன்னதுதான் அம்மா என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் வீட்டில் யார் போனார்கள் என்று நான் கேட்கவில்லை.

தகுதி என்று கேட்டால் இவ்வளவுதான்.

நியாயத்தீர்ப்பு என்றால் தண்டனைதானே?

மேடையில் அப்படித்தான் ஆகிவிட்டது. வேதத்தில் அந்தச் சொல்லுக்கு இடம் இன்னும் பெரியது. எபிரேயத்தில் ‘மிஷ்பாத்’ என்பது வழக்குக் கேட்டு நியாயம் வழங்குவது. திக்கற்ற பிள்ளையின் நியாயத்தை விசாரிப்பது, விதவையின் வழக்கை எடுத்து நடத்துவது என்று ஏசாயா முதலாம் அதிகாரத்தில் வருவதும் இதே வட்டத்துச் சொல்தான். 98ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் கடல் முழங்குகிறது, ஆறுகள் கைகொட்டுகின்றன, மலைகள் பாடுகின்றன. தண்டனை வருகிறது என்று கேட்டு யாராவது கைகொட்டுவார்களா? நீதவான் ஒருவழியாக ஊருக்கு வந்துவிட்டார், இனி நம் வழக்கு எடுபடும் என்று காத்துக்கிடந்தவர்களின் கைதட்டல் அது.

2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்தார்களே, அவர்களிடம் போய் நியாயத்தீர்ப்பு வருகிறது என்று சொல்லிப்பாருங்கள். எப்போது என்று கேட்பார்கள். குளிரூட்டிய மண்டபத்தில் அதே சொல் பயமுறுத்தலாகிவிடுகிறது. அந்த மண்டபத்தில் ஆக்கினை என்று சொன்னவள் நான் என்பதால் இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

எரேமியா சொன்னால் தீர்க்கதரிசனம், எங்கள் போதகர் சொன்னால் பிழையா?

நல்ல கேள்வி. எப்போதும் கொஞ்சம் கோபத்துடன்தான் கேட்கப்படுகிறது. வேதத்தில் தேவன் தேசங்களை நியாயந்தீர்க்கவில்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை. அதைச் சொல்ல வந்தவர்கள் எங்கே நின்று சொன்னார்கள் என்றுதான் பார்க்கச் சொல்கிறேன்.

ஆமோஸ் தமஸ்குவில் தொடங்குகிறான். பிறகு காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப். சுற்றிவர இருக்கிற எதிரிகள் ஒவ்வொருவராக விழ விழ இஸ்ரவேலன் எவ்வளவு உற்சாகமாகக் கேட்டிருப்பான்! அடுத்தது யூதா. அதற்கடுத்தது கேட்டுக்கொண்டிருந்தவனே. நீதிமானைப் பணத்துக்கு விற்றாய், எளியவனை ஒரு சோடிச் செருப்புக்கு விற்றாய் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறான். நம் மேடைகளில் இந்தப் பட்டியல் மோவாபோடு நின்றுவிடுகிறது.

எரேமியாவின் 28ஆம் அதிகாரத்தை ஒரு தடவை மெதுவாக வாசியுங்கள். பாபிலோனுக்குப் பணியவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை, அனனியா என்ற தீர்க்கதரிசி சனங்களுக்கு முன்னால் பிடுங்கி உடைக்கிறான். இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். எரேமியா என்ன செய்தான்? ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்று சொன்னான். தன் பேச்சுப் பொய்யாகிப் போகவேண்டும் என்று அவன் உள்ளபடியே விரும்பினான். பிறகு பேசாமல் போய்விட்டான். பதிலுக்கான வார்த்தை பின்னால்தான் வந்தது. நுகம் உடைந்த அந்த இடத்தில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு தீர்க்கதரிசி வாயை மூடிக்கொண்டு நடந்து போகிறான். இருபது வருடத்தில் நான் மேடையில் அதை ஒரு தடவைகூடக் கண்டதில்லை.

அதோடு முடியவில்லை. தன் நகரத்தின் மேல் தீர்ப்புச் சொன்ன எரேமியா அந்தத் தீர்ப்பைத் தானும் சேர்ந்து அனுபவித்தான். துரவில் இறக்கினார்கள், சேற்றில் அமிழ்ந்தான். எருசலேம் விழுந்தபின் பாபிலோனியத் தளபதி அவனை விடுவித்து, என்னோடு பாபிலோனுக்கு வா, உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்றான். அவன் தேசத்தில் மிச்சமிருந்த ஏழைகளோடு தங்கிவிட்டான். 2005இல் நான் யாருடைய பேச்சை மொழிபெயர்த்தேனோ அவருக்கு அன்றிரவு ஒன்றரை மணிக்குக் கட்டுநாயக்காவிலிருந்து விமானம்.

இயேசு இதைப் பற்றி நேரடியாக எதுவும் சொன்னாரா?

லூக்கா 13. பிலாத்து சில கலிலேயரைப் பலிசெலுத்தும் இடத்திலேயே கொன்றான் என்ற செய்தியை அவரிடம் கொண்டுவருகிறார்கள். அவர் இன்னொன்றையும் சேர்க்கிறார்: சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்களே, எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா? இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். ஒன்று அரச வன்முறை, மற்றது கட்டடம் சரிந்த விபத்து. நமக்கு வந்தவையும் இந்த இரண்டு வகைக்குள் அடங்கும்.

ஆனால் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்று தொடர்ந்து சொன்னாரே என்று ஒருவர் தவறாமல் எடுத்துக்கொடுப்பார். ஆம், சொன்னார். உயிரோடு நின்று செய்தி கொண்டுவந்தவர்களிடம் சொன்னார். செத்தவர்களைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. யோவான் 9இலும் அப்படித்தான். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா, பெற்றாரா என்று சீடர் கேட்க, இருவருமில்லை என்றார். அதன்பின் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி: குனிந்து சேறு குழைத்து அவன் கண்ணில் பூசினார்.

அப்படியானால் சுனாமி?

2004 டிசம்பர் 26. கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பௌத்தரின் பௌர்ணமிப் போயா தினமும்கூட. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அசைந்தபோது இங்கே காலை ஏழு மணி ஆகப்போகிறது. நமது கரைக்கு அலை வர இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டிய நேரம் எடுத்தது. எச்சரிக்கை வழங்க அப்போது இந்து சமுத்திரத்தில் ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அம்பாறை மாவட்டமே ஆகக் கூடுதலாக இழந்தது. மாத்தறை மாதா கோவிலில் திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போது கடல் உள்ளே வந்தது.

விக்கிரகத்துக்கான தண்டனை என்றால் பூசையில் முழங்காலில் நின்றவர்களை ஏன் எடுத்தது? சிலையே வைக்காத முஸ்லிம் ஊர்களை ஏன் துடைத்தது? கொழும்பு பெரும்பாலும் தப்பியது. சூதாட்ட விடுதிகளும் அமைச்சர்களின் பங்களாக்களும் உள்ள நம் கொழும்பு மருதமுனையைவிடப் பரிசுத்தமான ஊரா? கடலுக்கு நூறு யார் தள்ளி ஓலைக்குடிசையில் இருப்பவன் யார் என்று பார்த்தாலே அலை யாரைத் தேடி வந்தது என்று தெரியும். அது மீனவனின் வறுமையின் வரைபடம், பாவத்தின் வரைபடமில்லை.

அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி எந்த மேடையிலும் நான் ஒரு பிரசங்கம் மொழிபெயர்த்ததில்லை.

உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு?

2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள். 260க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

கொச்சிக்கடையை அறிந்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் தெரியும். பொட்டு வைத்த அம்மாவும், வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள ஆச்சியும், முக்காடு போட்ட பெண்ணும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரே துறவியிடம் பிள்ளையின் பரீட்சையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அங்கே வெடித்ததும், சொரூபம் வணங்கினால் இப்படித்தான் என்று ஒரு பேச்சு வீட்டு ஜெபக்கூட்டங்களில் ஓடியது. என் காதாலேயே கேட்டேன். சொன்னவருக்கு மட்டக்களப்பு ஞாபகமில்லை. சீயோனில் ஒரு சொரூபமும் இல்லை. அங்கே இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள். இதை அவரிடம் சொன்னேன். அது வேறு காரணம் என்றார். எந்த விடைக்கும் பொருந்தும் காரணம் காரணமாகாது என்று என் பழைய கணித ஆசிரியை சொல்லியிருப்பார்.

இதில் ஆத்திரம் வருவது வேறு இடத்தில். ஏப்ரல் 4ஆம் திகதியிலிருந்தே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அது மேசைகளில் கிடந்தது. 2023 ஜனவரி 12ஆம் திகதி உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைத் தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டும்படி உத்தரவிட்டது. பாதுகாப்புத் தலைவர்களும் கட்டவேண்டும் என்றது. குண்டு தேவனுடைய செயல் என்று ஆமென் சொன்ன சபை, எச்சரிக்கைக் கடிதத்தைப் படிக்காத அதிகாரிகளை எந்த முகத்தோடு கேள்வி கேட்கும்? கர்தினால் மல்கம் ரஞ்சித்தின் அரசியலில் எனக்கு ஒத்துப்போகாதவை உண்டு. இதில் அவர் தடம் மாறவில்லை. முதல் நாள் பழிவாங்க வேண்டாம் என்றார். அதன்பின் வருடக்கணக்காக யார் அறிந்தது, யார் மறைத்தது என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.

பழிவாங்க வேண்டாம் என்று சொல்லியும் மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் உடைந்தன. தேவகோபம் என்ற பேச்சு பரவுகிற இடத்தில், அந்தக் கோபத்துக்குத் தாங்களே கை கால் என்று நினைக்கும் ஆட்களும் எப்போதும் இருப்பார்கள்.

2022 பொருளாதார வீழ்ச்சி? திருடினார்கள், தேசம் விழுந்தது. இதுவாவது தீர்ப்பு இல்லையா?

விதைத்ததை அறுப்பது வேதத்தில் உண்டு. ஆனால் இங்கே விதைத்தவன் வேறு, அறுத்தவன் வேறு. 2019 முடிவில் வரியைக் குறைத்தவர்களும் 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்தவர்களும் எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்கவில்லை. நின்றது கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்து விற்கும் பெண். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்துக்குக் கிட்ட வந்தது. அவர் இடியப்பத்தின் விலையை அந்த அளவுக்கு ஏற்ற முடியவில்லை.

2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜபக்ஷ சகோதரர்கள் உட்பட்டோர் இந்த வீழ்ச்சிக்குப் பொறுப்பு என்று பெயர் குறித்துத் தீர்ப்பளித்தது. பெயர் சொல்லும் தீர்ப்பு. தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவுக்கு முன் நின்று ‘நீயே அந்த மனுஷன்’ என்றதும் இந்த வகைதான். ‘தேசம் பாவம் செய்தது’ என்று பொதுவாகச் சொன்னால் அந்த ஒருமையில் திருடனும் இடியப்பக்காரியும் ஒன்றாகிவிடுகிறார்கள். திருடனுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது.

சோதோமை மறந்துவிட்டீர்களே?

யாரும் மறக்க விடமாட்டார்கள். எசேக்கியேல் 16:49இல் சோதோமின் அக்கிரமம் எதுவென்று எழுதியிருக்கிறது: கர்வம், ஆகாரத் திரட்சி, ‘நிர்விசாரமான சாங்கோபாங்கம்’. பழைய மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்துதான் இந்தச் சொற்களை எடுத்தார்களோ! கவலையில்லாத சொகுசு வாழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, ஏழையின் கையைப் பலப்படுத்தாதது. பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டத்தில் ஒரு ஞாயிறு விருந்தில் இதை வாசித்துப்பாருங்கள்.

ஆதியாகமம் 18இல் ஆபிரகாம் அந்த ஊருக்காக, இத்தனை நீதிமான்கள் இருந்தால் அழிக்காதிரும் என்று, புறக்கோட்டையில் சேலை விலை பேசுவதைப்போல் ஐம்பதிலிருந்து பத்து வரை இறக்குகிறான். தீர்ப்பு வரப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரே மனிதன் செய்தது அதுதான்.

வெளிநாட்டில் இப்படிச் சொன்னவர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. நிகழ்ச்சி தொடர்ந்தது.

2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து அமெரிக்கப் போதகர் ஜெரி ஃபால்வெல், பாட் ரொபர்ட்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், கருக்கலைப்பு செய்வோரும் பெண்ணியவாதிகளும் ஒருபாலுறவினரும் இதற்கு உதவினார்கள் என்றார். நாடு கொதித்ததும் மன்னிப்புக் கேட்டார். 2006 ஜனவரியில் இஸ்ரேலியப் பிரதமர் ஷரோன் பக்கவாதத்தில் விழுந்தபோது, தேவனுடைய நிலத்தைப் பங்கிட்டதற்கான தண்டனை என்ற தொனியில் பேசினார் ரொபர்ட்சன். கலிலேயாவில் அவர் சேரவிருந்த யாத்திரிகர் மையத் திட்டத்தில் இனி அவரோடு வேலையில்லை என்று இஸ்ரேல் அதிகாரிகள் சொன்னார்கள். மன்னிப்புக் கடிதம் போய்ச் சேர்ந்தது. 2010இல் ஹெயிட்டியில் நிலம் நடுங்கிய மறுநாள், அந்த மக்களின் முன்னோர் பிசாசோடு உடன்படிக்கை செய்தவர்கள் என்றார். அவருக்குக் காரணம் தோன்ற ஒரு நாள் போதும். ஹெயிட்டியோடு காணி வியாபாரம் இருக்கவில்லை.

ஹரோல்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கி 2011 மே 21 நியாயத்தீர்ப்பு நாள் என்று உலகமெங்கும் பலகை வைத்தார். அது தவறியதும் ஒக்டோபர் 21 என்றார். அடுத்த வருடம், நாள் குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு காரணத்துக்காக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

இது புதிய வியாபாரமுமில்லை. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள் காலை, கோவில்கள் நிறைந்திருந்த நேரத்தில் லிஸ்பன் நகரம் அதிர்ந்தது. பீடத்து மெழுகுதிரிகளே தீயைப் பரப்பின. மலக்ரிடா என்ற இயேசு சபைக் குரு, இதற்கு இயற்கைக் காரணம் தேடாதீர்கள், உங்கள் பாவம்தான் என்று சிறுநூல் அச்சிட்டார். கோவில்கள் விழ, விலைமாதர் குடியிருந்த அல்ஃபாமாப் பகுதி பெருமளவு தப்பியதற்கு அவர் என்ன விளக்கம் வைத்திருந்தாரோ.

காந்தியும் இப்படிச் சொன்னாரே?

சொன்னார். அதுவும் தமிழ் மண்ணில். 1934 ஜனவரியில் பீகார் நிலநடுக்கம். சில நாட்களில் திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமைப் பாவத்துக்குத் தேவன் அனுப்பிய தண்டனை இது என்றார். தாகூர் கடுமையாக மறுத்து எழுதினார், காந்தி அதைத் தன் பத்திரிகையிலேயே வெளியிட்டார். காந்தி தன் சாதி இந்துக்களைத்தான் குற்றம் சொன்னார், பிறரை இல்லை. அது அவர் பக்கம் உள்ள நியாயம். ஆனால் பீகாரில் சுவர் விழுந்து இறந்த தலித் பிள்ளைக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. தாகூர் பக்கமே நான்.

தேசத்தைப் பற்றிச் சரியாகப் பேசிய தலைவர் ஒருவருமில்லையா?

இருக்கிறார்கள். மூன்று பேரைச் சொல்கிறேன்.

1865 மார்ச் 4, ஆபிரகாம் லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு உரை. அவர் போதகரில்லை. வெல்லப்போகிற பக்கத்தின் தலைவர். எதிரியின் மேல் தேவதண்டனை என்று சொல்ல அதைவிட நல்ல நாள் கிடைக்காது. இரு பக்கமும் ஒரே வேதத்தை வாசிக்கிறோம், ஒரே தேவனிடம் கேட்கிறோம், அடிமை முறையின் குற்றத்துக்காக வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்தே இந்தப் போர் வந்தது என்று கருதினால், என்றார். அந்த ‘கருதினால்’ என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன்.

மற்ற இருவரும் நம்மவர்கள். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. குருநாகல் ஆங்கிலிக்க ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க அப்போது உடல்நலம் கெட்டு வெளிநாட்டில் இருந்தார். பின்னாளில் ஜனாதிபதியான ரணிலின் சிறிய தந்தை அவர். திரும்பி வந்து தன் மறைமாவட்டத்துக்கு ஆற்றிய கடைசி உரையில், தமிழருக்குச் செய்யப்பட்டதை எந்த ஒழுக்க நியாயத்தாலும் நியாயப்படுத்த முடியாது, வெட்கப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சிங்கள மக்களுக்கு, அவர்களில் ஒருவராக நின்று சொன்னார். ஒக்டோபரில் இறந்துவிட்டார். என் தகப்பனார் கொழும்புக்குத் திரும்பி வர ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் அந்த உரை.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். 2009க்குப் பிறகு இந்தத் தேசத்தின் மேல் வானத்திலிருந்து அக்கினி விழட்டும் என்று அவர் கேட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களைக் கழித்து, வன்னியில் 1,46,679 பேருக்குக் கணக்கில்லை, அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். தேவனுடைய கணக்கைத் தனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. அரசாங்கத்தின் கணக்கைக் கேட்டார்.

எங்கள் போதகர் சொன்னது அப்படியே பலித்ததே?

‘இந்தத் தேசத்தில் பெரிய அசைவு வருகிறது’ என்பதா? இலங்கையில் அது எந்த வருடமும் பலிக்கும். தவறியவற்றையும் எழுதிவையுங்கள். மகிந்த ராஜபக்ஷ சோதிடரின் நாளை நம்பி இரண்டு வருடம் முந்தித் தேர்தல் வைத்தார், 2015 ஜனவரி 8 தோற்றார். அன்று சிரித்த நம் சபைகளில் எத்தனை ஊழியர்கள் தவறிய வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்? உபாகமம் 18:22 தவறியதையே அளவுகோலாக வைக்கிறது.

பலிக்காததெல்லாம் பொய் என்பதும் இல்லை. நினிவே நாற்பது நாளில் அழியும் என்றான் யோனா. அழியவில்லை. ஆனால் யோனாவுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். தன் வார்த்தை நிறைவேறவில்லை என்று ஓர் ஊர் பிழைத்ததற்காக முகம் தூக்கி வைத்திருக்கிறான். சில மேடைகளில் அதே முகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அபிஷேகம் பண்ணப்பட்டவரைக் கேள்வி கேட்கலாமா?

105ஆம் சங்கீதத்தில் ‘தொடாதே’ என்பது ஊரில்லாமல் அலைந்த முற்பிதாக்களைக் காக்க ராஜாக்களுக்குச் சொன்னது. அதிகாரத்தில் இருப்பவரைக் காக்க சபைக்குச் சொன்னதில்லை. தாவீது சவுலின் உயிரைத் தொடவில்லை, ஆனால் குகைக்கு வெளியே வந்து எல்லாரும் கேட்க அவன் பிழையைச் சொன்னான். தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் என்று 1 கொரிந்தியர் 14 கட்டளையே இடுகிறது.

சட்டத்தில் சிக்கல் வருமா?

வரலாம். 2007இன் 56ஆம் இலக்கச் சட்டம் மத வெறுப்பைத் தூண்டும் பேச்சைக் குற்றமாக்குகிறது. 2023இல் போதகர் ஒருவர் பிற மதங்களைக் குறித்துப் பேசியதன் பேரில் கைதானார். அதே சட்டத்தில் 2019இல் ஒரு சிங்கள எழுத்தாளர் சிறுகதை எழுதியதற்காக உள்ளே போனார். யாருக்கு எப்போது பாயும் என்று சொல்ல முடியாத சட்டம் அது. ஆனால் பக்கத்து வீட்டுப் பௌத்தர் கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்குமா என்ற கேள்விக்குச் சட்டம் தேவையில்லை.

அம்மாவுக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் ‘இலங்கைக்கு எச்சரிக்கை’ ஒலிப்பதிவுகள் வருகின்றன. பயந்து தூங்குவதில்லை. என்ன செய்வது?

வாதம் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைச் சேர்ந்து கேளுங்கள். இவர் யாருக்காக அழுகிறார் அம்மா, யாரைப் பயமுறுத்துகிறார் என்று மட்டும் கேளுங்கள். முடிவில் வங்கிக் கணக்கு இலக்கம் வருகிறதா என்றும் பாருங்கள். மீகா 3ஆம் அதிகாரம் பணத்துக்குக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளைப் பற்றிச் சொல்கிறது, அம்மாவுக்கு அது தெரிந்திருக்கும். பிறகு இருவரும் சேர்ந்து தேசத்துக்காக ஜெபியுங்கள். அம்மாவுக்கு அது பழக்கமான வேலை.

இனிமேல் மொழிபெயர்க்க ஏறுவீர்களா?

ஏறுகிறேன். முதல் நாளே பிரசங்கக் குறிப்பைக் கேட்கிறேன். ஆவியானவர் நடத்துவார், குறிப்பெல்லாம் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடுகிறேன். இதனால் வருடத்துக்கு இரண்டு மூன்று கூட்டம் போய்விடும்.

சென்ற வருடம் கொட்டாஞ்சேனையில் ஒரு கூட்டத்துக்கு வந்தவர் இளையவர், பணிவானவர். தட்டச்சிட்ட நான்கு தாள்களைத் தந்தார். ‘இந்தத் தேசம்’ என்று ஏழு இடத்தில் இருந்தது. ஏழையும் பென்சிலால் சுற்றி, அங்கெல்லாம் ‘நாம்’ என்று போட்டு ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள், தம்பி என்றேன். படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்தார். இரண்டை அப்படியே ‘நாம்’ என்று வைத்துக்கொண்டார். ஐந்தை அடித்துவிட்டார்.